அச்சில் வராத கடைசி அத்தியாயம்

எழுபதுகளின் கடைசியில், பவானிபூரில் மெட்ரோ ரயிலுக்காகச் சாலையைத் தோண்டிப் போட்டிருந்த சமயம் நடந்தது இது. எனக்கு இருபத்து நாலு வயது. கிடர்பூரில் ஒரு கப்பல் ஏஜென்சி ஆபீஸில் குமாஸ்தா. மதுரைப் பக்கத்திலிருந்து கல்கத்தா வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. பெங்காலி தெரியாது, சினிமாவுக்குப் போகத் துணை கிடையாது. இருந்த ஒரே பைத்தியம் பேய்க்கதை.

அந்த விஷயத்தில் நான் பெரிய மேதாவி என்று எனக்கே ஓர் எண்ணம். வெள்ளைப் புடவை, கொலுசுச் சத்தம், நாய் ஊளை மூன்றும் ஒரே பக்கத்தில் வந்தால் அந்தக் கதை அவுட். பேயைக் கண்ணில் காட்டிவிட்டால் பாதி பயம் போச்சு. கடைசியில் எல்லாம் கனவு என்று முடிக்கிறவர்களை மன்னிக்கவே மாட்டேன். நாவலைவிடச் சிறுகதைதான் பேய்க்குத் தோதான இடம். இருநூறு பக்கம் கூடவே வந்தால் பேயும் சொந்தக்காரர் மாதிரி ஆகிவிடும். இப்படி நிறையச் சட்டம் வைத்திருந்தேன்.

எங்கள் பக்கத்தில் மளிகைக்கடை வைத்திருந்த திருநெல்வேலி அண்ணாச்சி மூலமாகத்தான் தமிழ் வாரப்பத்திரிகை வரும். ரயிலில் வந்து சேரும்போதே ஒரு வாரம் பழசாகியிருக்கும். ஒரே பிரதியை ஐந்து வீடுகள் சேர்ந்து வாங்குவோம். ஆளுக்கு ஒரு நாள். படித்துவிட்டுக் கடையில் கொடுத்தால், அடுத்த வீட்டுக்குப் போகும் சாமானோடு சேர்த்து அண்ணாச்சி அனுப்பிவிடுவார். கதை முடிந்ததும் கீழே மிச்சமிருக்கும் இடத்தில் படித்தவர்கள் இரண்டு வார்த்தை எழுதி மார்க் போடுவது எங்கள் வழக்கம். மற்றவர்கள் பென்சிலால் 'நன்று', 'சுமார்' என்பார்கள். நான் பேனாவால் பத்தி பத்தியாக எழுதுவேன். நான் இரண்டாவது வீடு என்பதால், பின்னால் வருகிற மூன்று வீட்டுக்காரர்களும் என் தீர்ப்பைப் படித்தே தீரவேண்டும். அதில் எனக்கு ஒரு பெருமை வேறு.

அப்போது ஒரு திகில் தொடர் வந்துகொண்டிருந்தது. இறந்துபோன பையன் ஒருவன் தினமும் சாயங்காலம் வீட்டு வாசலில் வந்து நின்று அம்மாவைக் கூப்பிடுவான். ஒரு வாரம், அந்த அம்மா கொஞ்சமும் பயப்படாமல் கதவைத் திறக்க எழுந்து போவதோடு 'தொடரும்' போட்டிருந்தார்கள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. பெற்ற பிள்ளையே ஆனாலும் செத்தவன் வந்து நின்றால் எந்தத் தாயும் கதவைச் சாத்திக்கொள்வாள், இது திகில் கதையா தாலாட்டா என்று எழுதி, நூற்றுக்குப் பத்து போட்டேன்.

அடுத்த வார இதழை வாங்கக் கடைக்குப் போனபோது அண்ணாச்சி பழைய இதழை எடுத்து என் முன்னால் போட்டார்.

"நாலாவது வீட்டு அம்மா இனிமே புஸ்தகமே அனுப்பவேண்டாம்னு சொல்லிட்டாவ. நீங்க என்னத்தத் தம்பி எழுதித் தொலைச்சிய?"

நான் எழுதியிருந்ததற்குக் கீழே பென்சிலால் ஒரே ஒரு வார்த்தை இருந்தது. 'சாத்தமாட்டாள்.'

எதிர்க்கட்சி கிளம்பிவிட்டது என்று சிரித்தேன். அண்ணாச்சி சிரிக்கவில்லை. அந்த வீட்டில் ஒரே பையன், பத்து வயது, இரண்டு வருஷத்துக்கு முன்னால் மூளைக்காய்ச்சலில் போய்விட்டான் என்றார். பயத்தின் சுகத்துக்காகவே அத்தனை வருடம் படித்த நான், நிஜமாகவே நடுங்கியது அந்தக் கடை வாசலில்தான்.

வாங்கிவந்த இதழில் அந்தத் தொடர் முடிந்திருந்தது. மந்திரவாதி ஒருவன் வந்து பையனைச் செப்புக்குடத்தில் அடைத்து ஆற்றில் விட்டுவிடுகிறான். வேறு சமயமாக இருந்தால் எண்பது போட்டிருப்பேன்.

மறுநாள் சனிக்கிழமை, அரை நாள் ஆபீஸ். மத்தியானம் மூன்று மணி சுமாருக்கு, மண்மேடுகளைச் சுற்றிக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனேன். முதல் மாடி. கதவு தாழ் போடாமல் ஒருக்களித்திருந்தது. மாமிக்கு என்னைவிடப் பத்து வயது கூட இருக்கலாம். நான் யார் என்று சொன்னேனே தவிர, மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. அவரே உட்காரச் சொல்லி, காப்பி கொண்டுவந்து கொடுத்தார்.

"நீங்க எழுதினதுக்காக நான் நிறுத்தலை. அடுத்த வாரம் யாராவது வந்து அந்தக் குழந்தையை விரட்டிடுவாளோன்னு பயமா இருந்தது. அதான் வேண்டாம்னுட்டேன். கதை முடிஞ்சுடுத்தா? விரட்டிட்டாளா?"

பொய் சொல்ல நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "இல்ல மாமி. யாரும் வரல. அம்மா கதவைத் திறந்துட்டாங்க. பையன் உள்ள வந்து சாப்பிட்டான். அதோட முடிஞ்சிருச்சு."

"என்ன சாப்பிட்டான்?"

வாயில் வந்தபடி தயிர் சாதம் என்றேன்.

"தயிர் சாதமா? தொடவே மாட்டான். கீழ் போர்ஷன் பௌதி பண்ற ஆலு போஸ்தோதான் வேணும் அவனுக்கு."

கீழே குடியிருந்த பெங்காலி அம்மாள் கசகசா அரைத்துச் செய்யும் உருளைக்கிழங்குக் கறி அது. சரி மாமி, அதுதான் சாப்பிட்டான் என்றேன். அப்புறம் நான் கேட்க ஆரம்பித்தேன். கை அலம்பினானா? அலம்பவில்லை, அப்படியே உட்கார்ந்துவிட்டான். ஷூவைக் கழற்றினானா? ஒன்று வாசலில், ஒன்று கட்டிலுக்கடியில். வரும்போது என்னவென்று கூப்பிட்டான்?

"'மா, தொர்ஜா கோலோ'ன்னு பெங்காலிலதான் கத்துவான். கதவைத் திறன்னு தமிழ்ல சொல்லேண்டான்னு எத்தனை தரம் திட்டியிருக்கேன்!" சொல்லிவிட்டு மாமி சிரித்தார். சிரித்துக்கொண்டே புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டார். என் கண்ணும் நிறைந்துவிட்டது. கடைசியில் பையன் சாப்பிட்ட களைப்பில் தூங்கிப்போனதாக முடித்தோம். முடித்தது அவர்தான்.

என் பையிலிருந்து புது இதழின் அட்டை வெளியே தெரிந்துகொண்டிருந்தது. அவர் அதை இரண்டு தடவை பார்த்தார். கேட்கவில்லை. நான் புளுகியது அவருக்கு அப்போதே தெரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

திரும்பும் வழியில் அந்தப் பக்கங்களைக் கிழித்து மெட்ரோ குழியில் போட்டேன். மற்ற இரண்டு வீட்டுக்காரர்களிடம் வாங்கிக்கட்டிக்கொண்டது தனிக்கதை. அடுத்த வாரம் மாமி வீட்டுக்குப் பத்திரிகை மறுபடியும் போக ஆரம்பித்தது. ஒரு வருடத்தில் அவர் கணவருக்கு மாற்றலாகி அவர்கள் ஊரைவிட்டே போய்விட்டார்கள். அதற்குப் பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை.

செத்தவர்கள் திரும்பி வந்துவிடுவார்களோ என்று பயந்து படிப்பதெல்லாம், இன்னும் யாரையும் பறிகொடுக்காதவனின் சௌகரியம். அன்றைக்கு எனக்கு அந்தச் சௌகரியம் இருந்தது. என் மனைவி போய் இப்போது மூன்று வருடம் ஆகிறது. இன்றும் பேய்க்கதை வாங்குகிறேன். வாசலில் யாரோ வந்து நிற்கிற இடம் வந்தால் மட்டும், பக்கத்தைத் திருப்ப மனமில்லாமல் அங்கேயே கொஞ்ச நேரம் இருந்துவிடுகிறேன்.