ஒற்றைப் பையும் நாற்பத்திரண்டு டீயும்

திருப்பதியில் ஒரு மருத்துவமனை ரத்த வங்கியில் முப்பத்தொரு ஆண்டுகள் டெக்னீஷியனாக இருந்தேன். பைகளை எண்ணுவது வேலை. படிக்கட்டுகளையும் எண்ணுவது குணம்.

நகரியிலிருந்து கோவிந்தசாமி என்ற பவர்லூம் தொழிலாளி இடுப்பு மூட்டு மாற்ற வந்தார். ஹீமோகுளோபின் 9.1. ரத்த வகை ஓ நெகட்டிவ். எங்கள் ஃப்ரிட்ஜில் அந்த வகையில் ஒரே ஒரு பைதான் இருந்தது. குடும்பத்தில் அதே வகை அவர் தம்பிக்கு மட்டும். பொதுச்சுவர்த் தகராறில் இருவரும் பேசி ஒன்பது வருடம்.

"அவன் ரத்தத்த ஏத்திக்கினு நடக்கறதுக்கு நான் நொண்டிக்கினே போறேன் சார்" என்றார்.

அவசர ஆபரேஷன் இல்லை என்பதால் டாக்டரம்மா வேறு வழி சொன்னார். ஆறு வாரம் தினம் ஓர் இரும்புச்சத்து மாத்திரை. ரத்தம் ஊறியபின் ஆபரேஷன். அன்று ரத்தக்கசிவைக் குறைக்க ஓர் ஊசி. பிறர் ரத்தம் தேவைப்படாமலே போகலாம். எனக்கு நம்பிக்கையில்லை. கையில் பை இல்லாத ஆபரேஷன் எனக்கு ஸ்டெப்னி இல்லாத லாரி.

ஆறு வாரம் கழித்து மாத்திரையின் காலி அட்டைகளை வாங்கி, பிரிந்த குழிகளை எண்ணினேன். நாற்பத்திரண்டு. ஒன்றும் தவறவில்லை. ஹீமோகுளோபின் 9.3.

"மாத்திரையால ஆகாதுன்னு அன்னைக்கே சொன்னேம்மா" என்றேன், சற்று சந்தோஷமாகவே.

டாக்டரம்மா கோவிந்தசாமியின் மனைவியிடம் கேட்டார்: "எதோட முழுங்கினாரு?"

"டீயோடதாம்மா. தறியாண்ட குந்திக்கினு தண்ணிக்கு எங்க போறது? டீதான் எந்நேரமும் கையில இருக்குது."

டீ இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. எனக்குத் தெரியாத விஷயமல்ல.

"மாத்திரை லெக்க சரியா இருக்கு சார், நாப்பத்திரண்டு. கேள்விதான் ஒண்ணு குறையுது" என்றார் டாக்டரம்மா.

பிறகு இரும்புச்சத்தை ஊசி வழியாக ஏற்றினார்கள். நான்கு வாரத்தில் 12.4. ஆபரேஷன் நடந்தது. அந்த ஒற்றைப் பையைப் பதினொரு முறை எட்டிப் பார்த்தேன். செலவான பைகள்: பூஜ்யம். எண்ணுவதற்கு முன் கேட்க வேண்டும் என்பதைக் கற்றுக்கொண்டதாக நினைத்தேன்.

மறுநாள் வார்டில் கோவிந்தசாமியிடம் சொன்னேன்: "நேத்து உங்க சம்சாரம் சொல்லி உங்க தம்பி வந்திருந்தாரு. தேவைப்பட்டா குடுக்கலாம்னு காலையில ஏழு மணியிலேர்ந்து ரெண்டு மணி வரைக்கும் ரத்த வங்கி வாசல்லயே உட்கார்ந்திருந்தாரு."

"எடுத்தீங்களா?"

"தேவைப்படல."

அவர் விரல்விட்டு எண்ணினார்.

"ஏழு மணி நேரம் குந்திக்கினு இருந்திருக்கான். டீ குடிச்சியான்னாவது கேட்டீங்களா சார்?"

கேட்கவில்லை.