ஊட்டியில் காய்த்த கத்தரிக்காய்

விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் கம்பெனியில் வேலை செய்கிறேன். மனைவி இல்லை. ஒரே மகள் ஊட்டியில் டீச்சர். அவளும் தனியாகத்தான் இருக்கிறாள்.

எனக்குப் போனில் பேச வராது. பேச ஏதாவது வேண்டுமே என்று ஆறு பீங்கான் தொட்டிகளும் கத்தரி, வெண்டை விதைகளும் கொடுத்தனுப்பினேன். இங்கே காய்ப்பது அங்கேயும் காய்க்கும் என்று நினைத்துவிட்டேன். ஞாயிறுதோறும், "செடி எப்படிம்மா இருக்குது?" என்பேன். "நல்லா காய்க்குதுப்பா" என்பாள்.

போன மாதம் நேரில் போனேன். ஆறு தொட்டியிலும் வெறும் மண்.

"குளுருல முளைச்சதுமே கருகிடுச்சுப்பா. சொன்னா நீங்க போன் பண்ண மாட்டீங்கன்னுதான் சொல்லல."

பக்கத்து வீட்டில் விசாரித்து, அந்தக் குளிருக்கு ஏற்ற கேரட்டும் பட்டாணியும் விதைத்துவிட்டு வந்தேன். இப்போது தினமும் பேசுகிறேன். "சாப்டியாம்மா?" என்றுதான் தொடங்குகிறேன். செடியைப் பற்றிக் கேட்க மறந்தால் அவளே ஞாபகப்படுத்துகிறாள்.