ஞாயிற்றுக்கிழமைப் பெரட்டு

எனக்கு எழுபத்திரண்டு வயது. பெற்றது ஐந்து, வளர்த்தது ஏழு. ஒரு பிள்ளையையும் பசியோடு படுக்க விட்டதில்லை. என் அடுப்படியிலிருந்து ஒரு பருக்கை குப்பைக்குப் போனதுமில்லை. அது எப்படி என்று, நான் சொல்லச் சொல்ல இதை எழுதுகிற மருமகள் கேட்கிறாள். மிஞ்சுகிற அன்றைக்கு ஆட்களைக் கூப்பிட வெட்கப்படக் கூடாது, அவ்வளவுதான்.

நான் சிறுமியாயிருந்தபோது, பொகவந்தலாவைப் பக்கத் தேயிலைத் தோட்டத்தில், வரிசை வீடுகளான லயத்தில் இருந்தோம். தம்பி கடும் காய்ச்சலில் பிழைத்ததற்காக, அம்மா வேண்டிக்கொண்டபடி, ஒரு ஞாயிற்றுக்கிழமை லயத்துக்கே சோறு போட ஏற்பாடு. நாங்கள் ரொட்டியைத் தின்று அரிசியை மிச்சம் பிடித்திருந்தோம். அண்டா நிறையச் சோறு, பருப்புக் குழம்பு. மத்தியானம் தாண்டியும் ஒருவரும் வரவில்லை. முந்தின வாரம்தான் அப்பா, பீலிக் குழாயில் தண்ணீர் பிடிக்கிற சண்டையில், பக்கத்து வீட்டுப் பெரியவரை வாய்க்கு வந்தபடி பேசியிருந்தார். லயமே பெரியவர் பக்கம்.

"போயி ஒரு வார்த்த கூப்பிடுங்களேன்" என்றாள் அம்மா.

"ஒருக்கா சொல்லியாச்சி. வராட்டி குழியில கொட்டுறேன்" என்றார் அப்பா.

வேண்டுதல் சோற்றைக் கொட்டினால் தம்பிக்குக் காய்ச்சல் திரும்பிவிடுமே என்று நான் அண்டாவுக்குக் குறுக்கே உட்கார்ந்துகொண்டேன்.

அம்மாவின் தம்பி, என் மாமா, காலையில் தப்புப் பறை அடித்துத் தோட்ட வேலைக்கு ஆள் கூப்பிடுகிறவர். அதைத்தான் பெரட்டு என்போம். அவர் தப்பை எடுத்து, அதன் தோலை எங்கள் அடுப்பிலேயே காய்ச்சி, வாசலில் நின்று பெரட்டுக்கு அடிப்பது போலவே அடித்தார். கதவுகள் திறந்தன. எல்லாரும் வந்துவிட்டார்கள்.

"ஞாயித்துக்கெழம என்னாடா பெரட்டு?" என்றார் பெரியவர்.

"சோத்துப் பெரட்டுங்க. ஒக்காருங்க. பிந்தி வந்தா அரநாள் கூலிதான்!"

கூலிக் கணக்கு எழுதும் கணக்கப்பிள்ளை மிரட்டுவது போலவே மாமா சொன்னார். லயமே சிரித்தது. அப்பா கரண்டியை எடுத்து, பெரியவருக்கு இரண்டாம் தரமும் வைத்தார்.

"போதும்யா..."

"சாப்பிடுங்கண்ணே."

அண்டாவை அம்மா வழித்தெடுத்துவிட்டாள். தம்பியின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். குளிர்ந்திருந்தது. மாமா இத்தனை பேரை ஏமாற்றிவிட்டாரே என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பெரட்டுக்கு என்று ஓடி வந்தவர்களில் ஒருத்தி முதுகிலும் கொழுந்துக் கூடை இல்லை. முந்தானைக்குள் சோற்றுத் தட்டுதான் இருந்தது. பார்த்தேன், ஆனால் அன்று அது எனக்கு விளங்கவில்லை.

அந்தத் தட்டை எழுதினியாம்மா? எங்க, ஒருக்கா வாசி.