என்னோடு மட்டும் அணைந்த லைட்

என் பழைய காரின் முன் லைட் ஒரே இடத்தில்தான் அணையும். கட்டைபறிச்சானில் இருக்கும் மகளைப் பார்த்துவிட்டு, பொழுதுபட்ட நேரம் ஓர்ஸ் ஹில் வீட்டுக்குத் திரும்பும்போது, கிண்ணியா தாண்டி றோட்டில் ஒரு வேகத்தடை வரும். அதற்குக் கிட்டப் போனதும் முன் லைட் போய்விடும். கூரையில் இருக்கும் உள் லைட் பற்றிக்கொள்ளும். ஏறி இறங்கிக் கொஞ்சத் தூரம் போனால் எல்லாம் பழையபடி சரி.

மகளுக்கு அப்போது எட்டாம் மாதம், தலைப்பிள்ளை. வலி வந்தால் நானே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். ஒருநாள் மருமகன் பின்சீட்டில் போனைப் பார்த்துக்கொண்டு வந்தபோதும் லைட் போனது. மனுசன் மரியாதையாகத்தான் சொன்னார். "மாமா, அந்த நேரத்துக்கு நான் ஒரு வான் பிடிக்கிறன்." எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் பிள்ளையை ஏற்றிக்கொண்டு போக எனக்கு ஏலாதா?

கிண்ணியாவில் கார் வயரிங் வேலை செய்கிற ஒரு தம்பியிடம் போனேன். பியூசைப் பார்த்தார், ரிலேயை மாற்றினார், பற்றரியின் எர்த் வயரைக் கழற்றி உப்புக்காற்றில் பூத்திருந்த பச்சையைச் சுரண்டினார். திரும்பவும் அணைந்தது. குலுக்கத்தில் எங்கேயோ வயர் உரசுகிறது என்று டாஷ்போட்டையே கழற்றினார். அவர் தனியே கொண்டுபோய் வேகத்தடையில் பத்துத் தடவை ஏற்றி இறக்கினால் ஒன்றுமே இல்லை.

"சேர், உங்கட காருக்கு உங்களோடதான் கோவம்" என்றார்.

"உமக்கு வேலை தெரியாது எண்டு சொல்லும்" என்று எரிந்து விழுந்தேன். இன்றைக்கும் அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அவர் கோபிக்கவில்லை. "சரி, நீங்களே ஓட்டுங்க. நான் கீழ இருந்து பாக்கன்" என்று, பொழுதுபட்டதும் பக்கத்துச் சீட்டில் ஏறி, கரண்ட் வருகிறதா என்று பார்க்கும் டெஸ்ட் லாம்பைப் பிடித்தபடி டாஷ்போட்டுக்கு அடியில் தலையை நுழைத்துக்கொண்டார். வேகத்தடை வந்தது. இரண்டாம் கியருக்கு மாற்றினேன். முன் லைட் போனது, உள் லைட் வந்தது.

"பாத்தீரோ தம்பி!"

அவர் மெதுவாகத் தலையை வெளியே எடுத்தார். "சேர், நீங்கதானே ஓஃப் பண்ணினீங்க. உங்கட இடக் கை வந்து சுவிச்சத் தள்ளிட்டு, மேல கூரை லைட்டுக்குப் போனத நான் கண்டன்."

காரை ஓரங்கட்டினேன். அந்த வேகத்தடைக்குப் பக்கத்தில்தான் முந்தி, சண்டைக் காலத்தில், ஆமியின் செக்பொயின்ற் இருந்தது. கிட்டப் போகும்போது முன் லைட்டை அணைத்து உள் லைட்டைப் போட வேண்டும், உள்ளே இருப்பவர்களின் முகம் தெரிய வேண்டும்; தாண்டிய பிறகுதான் பழையபடி மாற்றலாம். மறந்தால் சுடுவார்கள். வேலைக்குப் போய்வந்த காலமெல்லாம் அதையே செய்த கை. செக்பொயின்ற் எடுபட்டு எவ்வளவோ காலமாகியும் அந்தக் கைக்கு அது தெரியவில்லை.

தம்பி டெஸ்ட் லாம்பின் வயரைச் சுற்றி வைத்தார். "வயரிங்ல பிழை இல்ல சேர்" என்றார். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

மகளிடம் ஒளிக்காமல் சொன்னேன். வான் பிடிப்பதுதான் நல்லது என்றும் சொன்னேன்.

"எனக்கு நீங்கள்தான் ஓட்டோணும்" என்றாள்.

வலி தொடங்கியது ஒரு பின்னேரம், நான் அங்கே போயிருந்தபோது. முன்சீட்டில்தான் இருப்பேன் என்று அடம்பிடித்து ஏறினாள். கிண்ணியா தாண்ட இருட்டிவிட்டது. வேகத்தடை தெரிந்ததும் என் இடக் கை கியரை விட்டு எழும்பியது. அவள் அதை எட்டிப் பிடித்துத் தன் வயிற்றில் வைத்து அமர்த்தினாள்.

"வெளிச்சத்தோட போங்கோ அப்பா."

இருட்டில் லைட்டை எரியவிட்டபடி அந்த இடத்தை நான் கடந்தது அதுதான் முதல் தடவை. முதுகு கூசியது. பயந்தேன், வெடிச்சத்தத்துக்குக் காத்திருந்தேன். என் உள்ளங்கையின் கீழே பிள்ளை உதைத்தது.