பக்கத்தில் இருந்த குட்டி ஃபைல்

செயற்கைக் கால் பட்டறையில் அளவெடுப்பது அவள் வேலை. வருகிறவரை உட்கார வைத்து, மிச்சமிருக்கும் காலின் சுற்றளவு, வலிக்கும் இடம், போன தடவை காலைச் செருகும் உறை எங்கே உரசியது என்று பொறுமையாகக் கேட்டு லேப்டாப்பில் ஏற்றுவாள். கால் மெலியும், வீங்கும். பழைய அளவு கையில் இல்லாமல் புது உறை செய்தால் புண்தான் மிச்சம். அதனால் டேட்டாபேஸ் ஃபைலைப் பென் டிரைவில் காப்பி எடுக்காமல் அவள் வீட்டுக்குக் கிளம்பியதே இல்லை. புரோகிராமை மட்டும் மூடமாட்டாள். லேப்டாப்பை அப்படியே மடித்துவிடுவாள்.

ஒருநாள் அச்செடுக்கும் பிளாஸ்டர் மாவு கரைத்த வாளி மேஜையில் சாய்ந்தது. லேப்டாப் போயே போச்சு. அவள் பதறவில்லை. புது லேப்டாப்பில் பென் டிரைவைச் செருகினாள். எல்லாம் ஒழுங்காகத் திறந்தது. மறுநாள், உறை கடிக்கிறது என்று ஒரு பஸ் டிரைவர் வந்தார். அவர் பெயரே இல்லை. தேடிப் பார்த்தால் சமீபத்தில் வந்தவர் ஒருவரும் இல்லை.

கணவனின் தங்கை கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருந்தாள். இருவருக்கும் அவ்வளவாகப் பேச்சில்லை. கூச்சத்தோடு போன் செய்தாள். நாத்தனார் கடையைப் பூட்டிவிட்டே வந்துவிட்டாள். நனைந்த லேப்டாப்பின் டிஸ்க்கைக் கழற்றி வேறொன்றில் மாட்டினாள். டேட்டாபேஸ் ஃபைலுக்குப் பக்கத்தில் அதே பெயரில், வால் முளைத்ததுபோல் ஒரு குட்டி ஃபைல். ஏதோ குப்பை, அழித்துவிட்டுப் பென் டிரைவில் இருப்பதை இங்கே போட்டுப் பார்க்கலாமா என்று இவள் மவுஸை எடுத்தாள்.

"கை வைக்காதீங்க அண்ணி. நீங்க தேடுறவங்க எல்லாம் இதுக்குள்ளதான் இருக்காங்க."

புதிதாக ஏற்றுவது முதலில் அந்தக் குட்டியில்தான் உட்காருமாம். அது நிறைந்தாலோ புரோகிராமை மூடினாலோதான் பெரிய ஃபைலுக்குப் போகுமாம். இவள் எடுத்துவந்ததெல்லாம் பெரியதை மட்டும். பழைய காப்பியைக் கொண்டுவந்து இந்தக் குட்டியோடு சேர்த்திருந்தாலும் எல்லாம் குழம்பிப் பாழாகியிருக்கும். நாத்தனார் இரண்டையும் ஒன்றாக வேறிடத்தில் காப்பி எடுத்து, அந்தக் காப்பியைத் திறந்தாள். திரையில் பஸ் டிரைவர் வந்தார். அவருக்குப் பின்னால் மற்றவர்களும்.

இப்போதெல்லாம் புரோகிராமை மூடிய பிறகே காப்பி எடுக்கிறாள்; எடுத்ததைத் திறந்து, கடைசியாக வந்தவர் இருக்கிறாரா என்றும் பார்த்துவிடுகிறாள்.

நாத்தனார் வந்துபோன அந்த வாரமே மாமியார் வீட்டில் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தபோது, அங்கே வழக்கமாக வாயே திறக்காத இவள் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். "இவ மட்டும் வரலைன்னா, அத்தனை பேரையும் மறுபடி கூப்பிட்டு வலிக்க வலிக்க அளவெடுத்திருக்கணும் அத்தை."

நாத்தனார் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. மாமியார்தான் சிரித்தார், தன் மகனைப் பற்றிக்கூட மருமகள் இத்தனை நேரம் பேசிக் கேட்டதே இல்லை என்று.