பூட்டுக்காரரின் நாற்காலி

வெளியூரிலிருந்து யார் வந்தாலும் பூட்டுக்காரர் கடையை இழுத்து மூடிவிட்டு ஆற்றங்கரை ஓட்டலுக்குத்தான் கூட்டிப்போவார். விருந்தாளிகளை ஆற்றைப் பார்க்க உட்காரவைத்து, தான் மட்டும் ஆற்றுக்கு முதுகைக் காட்டி உட்காருவார். இருபது வருஷமாக இதே கதைதான். இந்த முறை வந்திருந்த மனைவியின் தம்பிக்கு மனசு கேட்கவில்லை.

“எத்தனை நாளைக்குத்தான் எங்களுக்காக விட்டுக்கொடுப்பீங்க மாமா? இன்னிக்கு நீங்க ஆத்தைப் பாருங்க” என்று வலுக்கட்டாயமாக இடம் மாற்றினான்.

ஆறு வெயிலில் பளபளத்தது. பூட்டுக்காரரோ நிமிஷத்துக்கு ஒரு தரம் கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் பொறுக்கமாட்டாமல் எழுந்தேவிட்டார்.

“எந்திரிப்பா! ஆறு எங்கயும் ஓடிப்போயிடாது. சமையக்கட்டுக் கதவு திறந்தா, வர்ற மீன் நமக்கா அடுத்த மேசைக்கான்னு யாரு பாக்குறது?”