நான்காவது வீதியில் கிரேஸ் டீச்சரின் தேர்

ஸ்ரீவில்லிபுத்தூரில் பேனர் கடை வைத்திருப்பவனுக்குச் சாவுச் செய்தி புதிதல்ல. ஆனால் கிரேஸ் டீச்சரின் சாவு எனக்கு இரண்டு முறை வந்தது. முதலில் அவருடைய கணவர் சாமுவேல் போனில் கூப்பிட்டு, "அண்ணாச்சி, கிரேஸ் போயிட்டா" என்றார். நான் உட்கார்ந்தது உட்கார்ந்தபடியே இருக்க, டீச்சர் வேலை பார்த்த ராஜபாளையம் பள்ளியிலிருந்து இன்னொரு போன். கண்ணீர் அஞ்சலி பேனர் வேண்டுமாம், அவசரமாம். படத்தையும் அனுப்பிவிட்டார்கள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அடித்துக் கொடுத்தேன். படம், பெயர், 'கணினி ஆசிரியை', பிறந்த ஊர் சேத்தூர். அதில் இடம் அவ்வளவுதான். அவர் யாரென்று அந்த பேனர் சொல்லவே இல்லை. அந்த ஆத்திரத்தில்தான் இதை எழுதுகிறேன்.

டிவியோடு இணைத்து, கேசட் சொருகி விளையாடிய பழைய வீடியோ கேம் பெட்டி பலருக்கும் நினைவிருக்கும். ஓடவில்லை என்றால் கேசட்டைக் கழற்றி வாயால் ஊதி மறுபடி சொருகுவோம். ஊரில் முக்கால்வாசிப் பேர் அதை எப்போதோ பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்கள். அந்தப் பெட்டிக்கு இந்தக் காலத்தில் உட்கார்ந்து புதிய ஆட்டம் எழுதியவர் கிரேஸ் டீச்சர்.

அவர் முதன்முதலில் என் கடைக்கு வந்தது படம் வரைய ஆள் தேடித்தான். "எட்டுக்கு எட்டு கட்டம், மூணு கலரு. அதுக்குள்ள வடம் பிடிக்கிற ஆளு ஒருத்தர் வேணும் அண்ணாச்சி" என்றார். நான் தலைவர்களுக்கு ஆளுயரத்தைத் தாண்டி மீசை போடுகிறவன். "இதுல மூக்கு வைக்கவே இடமில்லையேம்மா!" என்றேன். "மூக்கு வேண்டாம், முண்டாசு போதும்" என்றார். போட்டுப் பார்த்தேன். மனுஷன் மாதிரிதான் இருந்தான். அன்றைக்குப் பிடித்தது எனக்குப் பைத்தியம்.

"செல்போன்ல ஆயிரம் ஆட்டம் இருக்கே, இந்தப் பழைய பெட்டியக் கட்டிக்கிட்டு எதுக்கு மாரடிக்கிறீக?" என்று ஒருநாள் கேட்டேன். "செல்போன்ல எதை வேணாலும் கொட்டலாம். இதுல இருக்கிறது இம்புட்டூண்டு இடம். ஒரு செடி வைக்கணும்னாலும் யோசிக்கணும். அந்த யோசனைதான் எனக்குப் புடிச்சிருக்கு" என்றார்.

ஆட்டம் எங்கள் ஊர்த் தேரைப் பற்றியது. வடம் பிடித்து இழுப்பவர்களைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள். தேரைத் திருப்புவதும் நிறுத்துவதும் சக்கரத்துக்கு அடியில் கட்டை கொடுப்பவர். விளையாடுபவர்தான் அந்தக் கட்டைக்காரர். நேரம் பார்த்துக் கட்டையைப் போட்டு, நான்கு ரத வீதியையும் சுற்றித் தேரை நிலைக்குக் கொண்டுவர வேண்டும். "சர்ச்சுக்குப் போறவுக தேரோட்டம் எழுதுறீகளே" என்று கடையில் ஒருவர் சீண்டினார். "தேரு ரோட்டுல தானே போகுது? ரோடு எல்லாருக்கும் பொதுதானே!" என்றார் டீச்சர்.

ஆட்டத்தில் முதல் வீதியை எழுதி முடித்ததும் ராஜபாளையத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்த பழைய கருவிகள் கண்காட்சிக்கு எடுத்துப் போனோம். அதுவரை கம்ப்யூட்டரில், அந்தப் பெட்டியைப் போல நடிக்கும் மென்பொருளில்தான் ஓட்டியிருந்தோம். அங்கே நிஜப் பெட்டியில் சொருகினால், ஐயோ, வடம் பிடிக்கும் ஆட்களில் பாதிப் பேரைக் காணவில்லை! கூட்டத்தில் ஒருவர், "ஏம்மா, தேரு டீசல்ல ஓடுதா?" என்றார். மண்டபமே சிரித்தது. டீச்சரும்தான் சிரித்தார். ஆனால் முகம் சிவந்துவிட்டது.

விஷயம் இதுதான். அந்தப் பெட்டியால் ஒரே வரிசையில் எட்டு நகரும் படங்களுக்கு மேல் காட்ட முடியாது. மிச்சம் மறைந்துவிடும். கம்ப்யூட்டரில் அந்தக் கட்டுப்பாட்டை நீக்கும் வசதியைப் போட்டு வைத்தவர் டீச்சர்தான். அதை எடுக்க மறந்துவிட்டார். "இதுக்கு ஏன் இம்புட்டு வருத்தம்? எட்டு பேர மட்டும் வச்சுட்டு மிச்சத்த எடுத்துருவோம்" என்றேன். சுள்ளென்று விழுந்தார். "வடத்துல கை வச்சவனப் போகச் சொல்ல நாம யாரு அண்ணாச்சி?"

பிறகு அதற்கு ஒரு வழி செய்தார். ஒரு நொடிக்குள் பலமுறை ஆட்களை மாற்றி மாற்றிக் காட்டினார். இந்தக் கணம் சிலர், அடுத்த கணம் மற்றவர்கள். பழைய டிவியில் பார்க்கும்போது ஒருவர் விடாமல் எல்லோரும் இருந்தார்கள், வெயிலில் நிற்கிறவர்களைப் போல லேசாக மினுமினுத்துக்கொண்டு. எனக்குக் கைதட்டத் தோன்றியது, தட்டினேன்.

மூன்றாவது வீதியின்போதுதான் உடம்பில் நோய் இருப்பது தெரிந்தது. மதுரைக்கு வைத்தியத்துக்குப் போவதும் வருவதுமாக இருந்தார். திரும்பி வந்து ஒருநாள் படுத்தால் மறுநாள் கீபோர்டு முன்னால் இருப்பார். சாமுவேல் கெஞ்சுவார், "உடம்பப் பாருடி." "உடம்ப டாக்டர் பாக்குறாரு. தேர யாரு பாப்பா?" என்பார். அந்தப் பிடிவாதம் எங்களுக்குக் கோபத்தையும் தந்தது, தெம்பையும் தந்தது.

கடைசியாகப் பார்க்கப் போனபோது எழுந்து உட்கார முடியாமல் இருந்தார். மனசு கேட்காமல் சொன்னேன்: "டீச்சர், மூணு வீதி முடிஞ்சிருச்சு. இதையே கேசட்டாப் போட்டு வெளிய விட்டுருவோம். நீங்க கண்ணால பாக்கணும்." தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். "மூணு வீதி சுத்தி, போதும்னு விட்டுட்டுப் போன தேர எங்கயாச்சும் பாத்திருக்கீகளா? இன்னைக்கு முடியலன்னா மறுநாள் வந்து இழுப்பாக. நீங்க இழுங்க."

"எனக்குப் படம் போடத்தானே தெரியும்?" என்றேன்.

"கத்துக்கிடுங்க" என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு சாமுவேலின் போன்தான் வந்தது.

அடக்கம் முடிந்த அந்த வாரமே சாமுவேல் பெட்டியையும் பழைய டிவியையும் டீச்சரின் கம்ப்யூட்டரையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு என் கடைக்கு வந்துவிட்டார். "வீட்டுல வச்சுப் பாக்க முடியல அண்ணாச்சி. நாம முடிச்சுருவோம்" என்றார். அவர் பஞ்சாலையில் வேலை செய்பவர். நான் பேனர்காரன். எங்கள் இருவருக்கும் நிரல் என்றால் ஒரு மண்ணும் தெரியாது. டீச்சர் எழுதி வைத்த மூன்று வீதிகளை வரிவரியாகப் படித்தோம். முட்டி மோதி நான்காவது வீதிக்கு முதல் சில வரிகளை எழுதினேன்.

ஓட்டினோம். தேர் பின்னால் போனது.

கூட்ட வேண்டிய இடத்தில் கழித்திருக்கிறேன்! வடம் பிடித்த அத்தனை பேரும் முன்னால் இழுக்க, தேர் மட்டும் ஜம்மென்று பின்னால் போகிறது. சாமுவேல் முதலில் திகைத்தார். அப்புறம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். டீச்சர் போன பிறகு அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். "அண்ணாச்சி, கட்டையப் போடுங்க, கட்டையப் போடுங்க!" என்று கத்தினார். சிரித்த கண்ணிலேயே தண்ணீர் வந்துவிட்டது. எனக்கும்தான்.

திருத்தினோம். மறுபடி சொருகினோம். இந்த முறை தேர் முன்னால் அசைந்து, கொஞ்ச தூரம் வந்து, மூலை திரும்பத் தொடங்கியது. வாசலில் ஒருவர், "யோவ், என் பேனர் என்னாச்சு? எம்புட்டு நேரம் நிக்கிறது?" என்று சத்தம் போட்டார். டிவியிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னேன்: "செத்த பொறுங்க, தேரு திரும்பிக்கிட்டிருக்கு."

நிம்மதியாக உறங்குங்கள் டீச்சர். வடத்தில் நாங்கள் கை வைத்துவிட்டோம்.